ஒரு மார்க்குக்காக இல்லீங்க

நேத்து போட்ட எம் பொண்ணோட இங்கிலீஷ் டெஸ்ட் பேப்பர் போட்டோவுக்கு வந்த கமெண்ட்ல பாதி "ஒரு மார்க்குக்கு இவ்ளோ சீனா"ன்னுதான் இருக்கு. சரி, சீன்தான். இருந்துட்டுப் போகட்டும்.

'தி ஃப்ரெண்ட்லி டாக் பார்க்டு லவுட்லி', இதுல அட்ஜெக்டிவ் எது? பாப்பா ஃப்ரெண்ட்லிக்கு அடியில கோடு போட்டிருக்கா. அதுக்குச் செவப்பு மையில தப்பு போட்டு, பக்கத்துல 'எல்-ஒய் வந்தா அட்வெர்ப்'. அப்போ அந்த வரியில அட்ஜெக்டிவே இல்லையே மிஸ், அப்புறம் எதுக்கு அந்தக் கேள்வி?

எல்-ஒய்ங்கிற வால பாக்காதீங்க, அந்த வார்த்தை செய்யுற வேலைய பாருங்க. ஃப்ரெண்ட்லி எப்படிப்பட்ட நாய்னு சொல்லுது, அது அட்ஜெக்டிவ். லவுட்லி எப்படிக் குரைச்சுதுன்னு சொல்லுது, அது அட்வெர்ப். அவ்ளோதான். லவுட் அட்ஜெக்டிவ், அதோட எல்-ஒய் சேந்தா அட்வெர்ப், சரி. ஃப்ரெண்ட் பெயர்ச்சொல்லாச்சே? காஸ்ட்லி போன்னு தெனமும் சொல்றோமே, அதுவும் அட்வெர்ப்பா? லோன்லி, அக்லி, சில்லி எல்லாம் எங்க கொண்டு வைப்பீங்க?

"ரூல் சொன்னாதான் புள்ளைங்க மனசுல நிக்கும்"னு ஒரு அண்ணன். நல்லாவே நிக்கும்ணே, எனக்கு நின்னுச்சு. மொத இன்டர்வியூல நல்லா உழைப்பேன்னு சொல்ல வந்து, ஹார்டுக்கு எல்-ஒய் போட்டு 'ஐ வொர்க் ஹார்ட்லி'ன்னேன். வேலையே பாக்க மாட்டேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுச்சு. எதிர்ல ஒருத்தர் குனிஞ்சுகிட்டு சிரிச்சாரு, அவரோட வழுக்கை இன்னும் கண்ணுலயே நிக்குது.

நமக்கு இது கஷ்டம்தான், இல்லைங்கல. 'அழகா பாடுறா', 'அழகா இருக்கா', ரெண்டுக்கும் நம்மகிட்ட ஒரே அழகாதான். இங்கிலீஷ்ல பாடுனா பியூட்டிஃபுலி, இருந்தா பியூட்டிஃபுல். அதனாலதான் திரும்பத் திரும்ப சொல்றேன், வால விட்டுட்டு வேலைய பாருங்கன்னு.

"கட்டு கட்டா பேப்பர் திருத்துறவங்க கஷ்டம் உனக்கென்ன தெரியும்"னு கேட்டவங்களுக்கு: எங்கம்மாவே டீச்சர்தான். ராத்திரி பதினோரு மணிக்கும் மடியில பேப்பர் கட்டோட உக்காந்திருப்பாங்க. தப்பா திருத்திட்டா மறுநாள் க்ளாஸ்லயே "நான்தான்டா தப்பு"ன்னு சொல்லி மார்க்க போட்டுக் குடுப்பாங்க. என்னைய 'இங்கிலீஷ் புலவர்'னு கூப்பிட்டவருக்கு ஒரு கும்பிடு, அவ்ளோதான்.

மார்க்க நீங்களே வச்சுக்கோங்க. நேத்து ராத்திரி பாப்பா நோட்ட தொறந்து, அட்ஜெக்டிவ் லிஸ்ட்ல அவளே எழுதி வச்சிருந்த ஃப்ரெண்ட்லிய அழிச்சுட்டு இருந்தா. நீ எழுதுனது சரிதான்டா கண்ணுன்னேன். "உங்களுக்குத் தெரியாதுப்பா, மிஸ்ஸே சொல்லிட்டாங்க"ன்னுட்டு ரப்பர் தூள ஊதிவிட்டா.