ஓட்டானி ஒப்பந்தமும் ஆடம்பர வரிக் கணக்கும்

அமெரிக்க பேஸ்பால் வீரர் ஷோஹெய் ஓட்டானியின் சம்பளத்தில் பெரும்பகுதி தள்ளிவைக்கப்பட்டிருப்பதால், அவர் ஆடும் டாட்ஜர்ஸ் அணியின் ஆடம்பர வரிக் கணக்கில் (வீரர்களின் மொத்தச் சம்பளம் வரம்பைத் தாண்டினால் அணி கட்டும் வரி இது) அவருக்காக ஆண்டுக்கு 20 லட்சம் டாலர் மட்டுமே சேர்கிறது என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அன்புகூர்ந்து இதைத் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன். அக்கணக்கில் சேரும் தொகை ஏறத்தாழ 4.6 கோடி டாலர்.

2023 டிசம்பரில் கையெழுத்தான 10 ஆண்டு, 70 கோடி டாலர் ஒப்பந்தத்தின்படி, 2033 வரை ஆண்டுதோறும் அவர் கைக்கு வருவது 20 லட்சம்தான். குழப்பம் அங்கிருந்தே தொடங்குகிறது எனலாம். ஒவ்வோர் ஆண்டின் மீதி 6.8 கோடியும் வட்டியின்றிப் பத்தாண்டு கழித்து, 2034 முதல் 2043 வரை வழங்கப்படும். ஆனால் வரிக்கணக்கு கைக்கு வரும் பணத்தைப் பார்ப்பதில்லை. தள்ளிவைத்த தொகையின் இன்றைய மதிப்பையும் சேர்த்தே பார்க்கிறது.

நீங்களே சரிபார்க்கலாம். இன்றைய மதிப்பைக் கணக்கிட இந்த ஒப்பந்தத்துக்குப் பயன்பட்ட ஆண்டு விகிதம் 4.43 சதவீதம். கால்குலேட்டரில் 6.8 கோடியை 1.0443 ஆல் பத்து முறை தொடர்ந்து வகுத்தால் சுமார் 4.4 கோடி வரும். அதனுடன் அந்த 20 லட்சத்தைக் கூட்டிப் பாருங்கள். விதியின் முழு வாசகம் வீரர்கள் சங்கத்தின் இணையதளத்தில் உள்ள கூட்டுப் பேர ஒப்பந்தத்தில் (லீக்குக்கும் வீரர்களுக்கும் இடையிலான பொது ஒப்பந்தம்), போட்டிச் சமநிலை வரி (ஆடம்பர வரியின் அதிகாரப்பூர்வப் பெயர்) குறித்த பகுதியில் இருக்கிறது.