பழுப்பு முட்டைக்கு எட்டரை ரூபாய் கூட

திருச்செங்கோட்டுப் பக்கம் மளிகைக்கடை வைத்திருக்கிறோம். கல்லாவுக்குப் பக்கத்தில் எப்போதும் இரண்டு அட்டை முட்டை இருக்கும். வெள்ளை ஒன்று 6 ரூபாய் 50 காசு. பழுப்பு ஒன்று 15 ரூபாய். பழுப்பு அட்டைக்கு மேலே ‘நாட்டுக்கோழி முட்டை’ என்று என் கையால் எழுதிய சீட்டு போன மாதம் வரை ஒட்டியிருந்தது.

வெள்ளை முட்டை விலையில் ஒளிவுமறைவே கிடையாது. நாமக்கல் பக்கத்தில்தான். முட்டைக்கு விலை சொல்லும் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு (என்.இ.சி.சி.) அறிவிக்கும் பண்ணை விலை தினமும் போனுக்கு வந்துவிடும். 5 காசு ஏறினாலும் பேப்பரில் செய்தி வரும். புரட்டாசியில் இறங்கும். வடக்கே குளிர் ஆரம்பித்தால் ஏறும். 6 ரூபாய் 50 காசு 7 ரூபாய் ஆனால் வருகிற ஒவ்வொருவரும் என்னிடம் கணக்குக் கேட்பார்கள். ஆனால் பழுப்பு முட்டை மழையிலும் 15, வெயிலிலும் 15. ஏன் 15 என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தால் எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

உண்மையான நாட்டு முட்டையும் எனக்குத் தெரியும். எங்கள் வீதிக்கோடியில் இருக்கும் ஆயா போசியில் தவிட்டைக் கொட்டி, அதில் பத்துப் பன்னிரண்டு முட்டையைப் புதைத்து எடுத்து வருவார். ஒன்று சின்னது, ஒன்று நீளம், ஒன்று சந்தன நிறம், ஒன்று வெளிறிப்போய் இருக்கும். இரண்டு வாரம் கொண்டுவருவார், அப்புறம் ஆளையே காணோம். கேட்டால், “அடை வச்சுப்போட்டேன் கண்ணு” என்பார். சரிதானே? நாட்டுக்கோழி வருஷத்துக்கு ஐம்பது, அறுபது முட்டை இட்டால் பெரிது. முட்டைக்கென்றே பண்ணையில் வளர்க்கும் லேயர் கோழி 300-ஐத் தாண்டும். நாட்டுக்கோழிக் கறி கிலோ 500 ரூபாயைத் தொடுகிற ஊரில், முட்டையை 15 ரூபாய்க்கு விற்பதைவிட அடை வைத்துக் குஞ்சாக்குவதுதான் ஆயாவுக்கு லாபம். அப்படியிருக்க, ஒரே அளவில், ஒரே நிறத்தில், வாரம் தவறாமல் அட்டை அட்டையாக நாட்டு முட்டை எங்கிருந்து வருகிறது?

எனக்குச் சரக்குப் போடுகிறவரிடமே கேட்டேன். “அக்கா, நாட்டு ரகந்தானுங்க, பண்ணைல வளக்கறாங்க” என்றார். “தீவனம்?” என்றேன். சிரித்தார். அதற்கு மேல் கேட்க எனக்கும் தைரியமில்லை. அட்டைக்கு நல்ல லாபம் நின்றுகொண்டிருந்தது.

ஓட்டின் நிறம் கோழியின் ரகத்தைப் பொறுத்தது. வெள்ளை இடுகிற ரகம் உண்டு, பழுப்பு இடுகிற ரகமும் உண்டு. சத்துக்கும் ஓட்டு நிறத்துக்கும் சம்பந்தம் இல்லை. பழுப்பு இடும் கோழி உடம்பு பெரிது, தீவனம் கூடுதலாகத் தின்னும், அதனால் அடக்க விலை கொஞ்சம் அதிகம். அந்த வித்தியாசம் நியாயம். அது எட்டரை ரூபாய் இல்லை. கரு ஆரஞ்சாக இருந்தால் சத்து அதிகம் என்று நம்புகிறோமே, அதுவும் தீவனத்தில் இருக்கும் நிறமிதான். புல், கீரை, மக்காச்சோளம் தின்றாலும் வரும், செண்டுமல்லிச் சாறு கலந்தாலும் வரும். மேய்ந்து, புழு பூச்சி கொத்தித் தின்கிற கோழியின் முட்டையில் சில சத்துகள் கூடுதலாக இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. மேய்ந்த கோழியா என்பதுதான் கேள்வி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளையில் நாலு, பழுப்பில் நாலு அவித்து, ஓட்டை உரித்து, தட்டில் கலந்து வைத்தேன். நாட்டு முட்டை வாசமே தனி என்று அடித்துச் சொல்லும் என் வீட்டுக்காரர் இரண்டு தடவையும் வெள்ளையைத்தான் காட்டினார். பையன் கருவின் நிறத்தைப் பார்த்துச் சரியாகச் சொன்னான், கண்ணைக் கட்டியதும் தடுமாறினான். மாமியார் இரண்டிலும் ஒவ்வொரு துண்டு வாயில் போட்டுவிட்டு, “ரெண்டும் பண்ணை முட்டைதான், என்னத்தக் கண்டுபிடிக்கச் சொல்ற?” என்று எழுந்து போய்விட்டார். அன்றைக்குச் சரியாகச் சொன்னது அவர் ஒருத்தர்தான்.

நான் தொலைநிலைக் கல்வியில் பொருளாதாரம் படித்தவள். பெரும்பாலும் மறந்துவிட்டது. ஒன்று மட்டும் கடையில் உட்கார்ந்த பிறகு விளங்கியது. தக்காளியை அமுக்கிப் பார்த்து வாங்கலாம். ஊறுகாயைத் தின்று பார்த்தால் தெரியும். சில பொருளைத் தின்று முடித்த பிறகும் சொன்னது உண்மையா என்று வாங்கியவருக்குத் தெரியாது. 1973-இல் டார்பி, கார்னி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இந்த வகைக்கு ‘கிரிடென்ஸ் குட்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். நம்பிக்கைச் சரக்கு என்று வைத்துக்கொள்ளலாம். அவர்கள் பேசியது பெரும்பாலும் மெக்கானிக், டாக்டர் மாதிரியான ஆட்களின் வேலையைப் பற்றி. எனக்கு என் கடையின் பாதி அலமாரி தெரிந்தது. மரச்செக்கு எண்ணெய், கலப்படமில்லாத தேன், நாட்டுச்சர்க்கரை, இயற்கை விவசாய அரிசி எல்லாம் அதே ஜாதி. இவற்றுக்கு மக்கள் தருகிற கூடுதல் பணம் சத்துக்கான விலை என்று நான் நம்பவில்லை. பிள்ளைக்கு நல்லதுதான் வாங்கித் தந்தோம் என்கிற நிம்மதிக்கான விலை அது. நிம்மதிக்குக் காசு கொடுப்பது தப்பில்லை. அந்தக் காசு ஆயாவுக்குப் போகாமல் எனக்கும் சரக்குப் போடுகிறவருக்கும் வந்ததுதான் தப்பு.

புரதக் கணக்கும் போட்டுப் பார்த்தேன். பண்ணை முட்டை ஒன்றில் சுமார் 6 கிராம், அதாவது கிராமுக்கு ஒரு ரூபாய் சொச்சம். அதே அளவு பழுப்பு முட்டையில் கிராமுக்கு இரண்டரை ரூபாய். ஆயாவின் நிஜ நாட்டு முட்டை சின்னது, அதையும் 15 ரூபாய்க்கு விற்பதால் 3 ரூபாயைத் தாண்டும். துவரம்பருப்பு ஒரு ரூபாய்க்கும் கீழே. பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டில் 2 கிராம் இருந்தால் அதிகம், கிராமுக்கு 5 ரூபாய். கடையில் இருக்கிற மிக விலை உயர்ந்த புரதம் சிப்ஸ்தான்!

ஆனால் கணக்குப் போட்டு யார் சாப்பிடுகிறார்கள்? 2022-23 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில், இந்தியக் கிராமங்களில் உணவுச் செலவிலேயே பெரிய பங்கு பானங்களுக்கும் பாக்கெட் தின்பண்டம் மாதிரியான பதப்படுத்திய உணவுக்கும்தான் போயிருக்கிறது, மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. எனக்கு ஆச்சரியமே இல்லை. சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு தறி ஓட்டுகிறவர்கள் ராத்திரி ஒன்பது மணிக்குக் கடைக்கு வருவார்கள். முட்டை 50 காசு ஏறிய வாரத்தில் ஒரு பெண் ஆறு முட்டைக்குப் பதில் நாலு எடுத்தார். மிச்சக் காசில் இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு அஞ்சு ரூபாய் பாக்கெட். அவருக்கு விவரம் தெரியாது என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. பன்னிரண்டு மணி நேரம் தறிச் சத்தத்தில் நின்றுவிட்டு வருகிறவரிடம் பிள்ளைகள் கேட்பது அந்த ஒரு பாக்கெட்தான். அதை வாங்கிக் கொடுக்கிற சந்தோஷத்துக்கும் ஒரு விலை உண்டு, நம் 15 ரூபாய் நிம்மதி மாதிரியே.

அந்தப் பிள்ளைகள் வாரத்தில் ஐந்து முட்டை சாப்பிடுகிறார்கள் என்றால் பள்ளிக்கூடத்தில்தான். 1989-இல் சத்துணவில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கியது, 2010-இல் வாரம் ஐந்தானது. அங்கே யாரும் ஓட்டின் நிறத்தைப் பார்ப்பதில்லை. எந்த விழிப்புணர்வுப் பேச்சும் செய்யாததை அந்த வெள்ளை முட்டை செய்திருக்கிறது. கோடை விடுமுறையில் மட்டும் அது நின்றுவிடும். அந்த இரண்டு மாதத்துக்கு ரேஷன் கடையில் குழந்தைக்கு இத்தனை என்று முட்டை கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றும். உடைந்து போகும் என்பார்கள். நான் தினமும் விற்கிறேன், அட்டைக்கு ஒன்று உடைந்தால் அதிகம்.

போன மாதம் பழைய சீட்டைக் கிழித்துவிட்டு, ‘பழுப்பு முட்டை, பண்ணை, 9 ரூபாய்’ என்று புதிதாக எழுதி ஒட்டினேன். அதே முட்டைதான், அதே ஆள் போட்டதுதான். விற்பனை பாதியாகக் குறைந்துவிட்டது. வாரா வாரம் ஒரு டஜன் வாங்குகிறவர் சீட்டைப் படித்துவிட்டு, “ஏனுங்க, இது நாட்டுக்கோழி இல்லீங்களா?” என்றார். இல்லைங்க, முன்னாலயும் இதேதான் என்றேன். எடுத்த முட்டையை ஒவ்வொன்றாகத் திரும்ப அட்டையில் வைத்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனார். அங்கே 15 ரூபாய்.

வீட்டுக்காரர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆயா நேற்று வந்தார், கையில் போசி இல்லை. பன்னிரண்டு அடை வைத்ததில் ஒன்பது பொரித்திருக்கிறதாம், குஞ்சுக்குப் போட நொய் கால் கிலோ வாங்கிப் போனார்.