பத்து விநாடி நீதிபதிகள்

'மேஜிக்: தி கேதரிங்' சீட்டாட்டம் ஆடுகிற நம்ம தென்னாப்பிரிக்க டர்பன் கூட்டத்தைப் பற்றி இன்று கொட்டித் தீர்த்தே ஆகவேண்டும். புதிதாக வெளியிடுகிற செட்டிலிருந்து ஒரு கார்டின் படம் கைபேசியில் வந்து விழ வேண்டியதுதான், நம்ம ஊர் சாட்ஸ்வர்த்திலிருந்து ஃபீனிக்ஸ் வரை அத்தனை பேரும் நீதிபதி. கார்டு கொஞ்சம் விசித்திரமாக இருந்துவிட்டால் போச்சு! "மூணு மானாவுக்கு இதுவா? குப்பை அண்ணா!" ரெண்டாவது வரியைப் படிச்சியா தம்பி? இல்லை. படம் பார்த்தான், மானா, அதாவது கார்டை ஆடக் கொடுக்கிற விலையைப் பார்த்தான், பலம் பார்த்தான், தூக்கிப் போட்டான்.

மறுநாள் அமெரிக்காவில் எவனோ ஒருவன் வீடியோவில் வாயைப் பிளப்பான். உடனே இதே தம்பி, "நான் அப்பவே சொன்னேன்ல?" எப்போடா சொன்னே?

2024 ஜூனில் வந்த நாடூ என்ற கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மானா, 3/4 (அடிக்கிற பலம் 3, தாங்குகிற பலம் 4), பறக்கும் பறவை. உன் பக்கத்து உயிரி (களத்தில் சண்டை போடும் கார்டு) எதையாவது ஒரு மந்திரமோ திறனோ குறிவைத்தால், உன் சீட்டுக்கட்டின் மேல் கார்டைத் திறந்து காட்ட வேண்டும். மானா தருகிற நிலக் கார்டாக இருந்தால் நேரே களத்துக்கு, இல்லாவிட்டால் கைக்கு. ஒவ்வோர் உயிரிக்கும் ஒரு சுற்றில் இரண்டு முறை. அவசரத்தில் படிக்கிறவனுக்கு, எதிராளி நம் உயிரியைத் தாக்க வந்தால் கிடைக்கிற நஷ்டஈடு என்றுதான் தோன்றும். அட, குறிவைப்பது நீயாகவே இருக்கலாமே! ஷூகோ என்று ஒரு பழைய ஆயுதக் கார்டு. அதை ஓர் உயிரியிடமிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிட ஒரு மானாகூட வேண்டாம். உயிரிகள் பெருகப் பெருக மாற்றிக்கொண்டே இருந்தால் போதும், கட்டு கரைந்து கைக்கு வந்துவிடும். எதிராளி கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அதே மாதக் கடைசியில் ஆம்ஸ்டர்டாமில் நடந்த ப்ரோ டூர் என்ற பெரிய போட்டியை நாடூ வைத்த சீட்டுக்கட்டுதான் ஜெயித்தது. ஆகஸ்ட் 26 அன்று மாடர்ன் என்ற போட்டி வகையில் தடை. இதில் கொடுமை என்னவென்றால், கார்டின் வாசகத்தைக் கடைசி நேரத்தில் மாற்றினோம், மாற்றியதை ஆடிப் பார்க்கவில்லை என்று வடிவமைத்தவரே எழுதினார். செய்தவர் கண்ணுக்கே தப்பியது நம்ம தம்பி கண்ணில் பத்து விநாடியில் பட்டுவிடுமாம்.

இது நேற்று இன்று வந்த வியாதியும் இல்லை. 1995இல் ஐஸ் ஏஜ் செட்டில் நெக்ரோபொட்டன்ஸ் என்ற கார்டு வந்தபோதும் இதே கதைதான். சுற்றுக்கு ஒரு கார்டு எடுக்கிற உரிமையை விட்டுவிட வேண்டும், ஓர் உயிர்ப்புள்ளி கொடுத்தால் ஒரு கார்டு, அதுவும் சுற்று முடிவில்தான் கைக்கு வரும். "இதை எவன் வைப்பான்" என்றார்கள். அடுத்த வருடமே போட்டிகளில் அதன் ராஜ்ஜியம். ஏன்? இருபது உயிர்ப்புள்ளியில் கடைசி ஒன்று மிஞ்சினால்கூட நீ சாகவில்லை. மிச்சப் பத்தொன்பதும் செலவழிக்கத்தானே இருக்கிறது!

ஒரு கார்டு உன்னிடம் என்ன கேட்கிறது, அது உனக்கு நிஜமாகவே நஷ்டமா? இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நாடூ குறிவைக்கச் சொன்னது, சும்மா குறிவைக்க வழி இருந்தது. நெக்ரோ உயிரைக் கேட்டது, உயிர் உபரியாக இருந்தது. "பழைய அந்தக் கார்டைவிட ஒரு மானா ஜாஸ்தி" என்று கணக்குப் போடுகிறவனுக்கு இது ஜென்மத்துக்கும் எட்டாது.

வேறு ஊர்க்காரன் இப்படிப் பேசினால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நாம் துனி என்கிற நம்ம ஊர்ச் சீட்டாட்டம் ஆடி வளர்ந்த கூட்டம் ஐயா! ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ராஜாவுக்கு வெறும் 3, ராணிக்கு 2. ஜாக்கி ராஜாவை அடிக்கிற ஆட்டத்தைத் தாத்தா மடியில் உட்கார்ந்து பார்த்தவனுக்கு, கார்டின் மதிப்பு முகத்தில் இல்லை, ஆட்டத்தின் விதியில் இருக்கிறது என்று நான் வகுப்பு எடுக்க வேண்டுமா?

தீர்ப்பு வாயோடு நின்றால்கூடச் சரி. பை கிழிகிறதே! நான் போகிற கடையில், காலையில் சில்லறைப் பெட்டியில் கிடக்கிற கார்டு, வீடியோ வந்த சாயங்காலமே கண்ணாடி அலமாரிக்கு ஏறிவிடும். டாலர் விலையை ராண்டாக்கி, அதன் தலையில் இன்னும் கொஞ்சம் ஏற்றி ஸ்டிக்கர். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம் என்றால் கூரியர், சுங்கம், 15 சதவீத வாட். எல்லாம் கட்டி கார்டு வீட்டுக்கு வருவதற்குள் ஆரவாரம் அடங்கி விலை பாதி.

அதனால்தான் கேட்கிறேன். கார்டின் வாசகத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, கார்டு போடுகிற பிளாஸ்டிக் ஸ்லீவுக்குள் ஒரு நிலக் கார்டின் முன்னால் செருகி, நாலு ஆட்டம் ஆடிப் பார்த்தால் என்ன கெட்டுவிடும்? வெள்ளிக்கிழமை ராத்திரி பீன்ஸ் பன்னி (குடைந்த ரொட்டிக்குள் பீன்ஸ் கறி) வருகிற வரை சும்மாதானே உட்கார்ந்திருக்கிறோம்? போட்டியிலா வைக்கச் சொன்னேன்? "ஐயோ, போலி கார்டா" என்று ஒரு முகச்சுளிப்பு.

போன வாரமும் ஒன்றை எழுதி நீட்டினேன். வாங்கினான். முன்பக்கத்தைப் படிக்கவே இல்லை. "இது இப்ப என்ன விலை போகுது அண்ணா?"