மூன்று வாசகத்தோடு முடித்துவிடாதீர்கள்

உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்பு வழிபாட்டுக்காகப் பங்கின் வழிபாட்டுக் குழு கூடியதும் வரும் முதல் கேள்வி, "எத்தனை வாசகம் வைக்கலாம்?" என்பதுதான். திருப்பலி நூல் தருவது பழைய ஏற்பாட்டிலிருந்து ஏழு. பிறகு உரோமையர் திருமுகத்தின் 6-ஆம் அதிகாரமும் நற்செய்தியும். தக்க காரணம் இருந்தால் அந்த ஏழு வாசகங்களை மூன்றாகக் குறைக்கலாம் என்பது சலுகை. நாம் சலுகையையே சட்டமாக்கிக்கொண்டோம்.

உண்மையில் நேரம் வாசகங்களில் வீணாவதில்லை. ஏழு வாசகங்களையும் பதிலுரைப் பாடல், மௌனம், மன்றாட்டோடு நிதானமாகச் செய்தாலும் ஒரு மணி நேரம்தான். நேரம் போவது வெளியே, வழிபாட்டின் தொடக்கமாகப் புதுத் தீ மூட்டும் இடத்தில்.

சடங்கு தொடங்கும்போது தீக்குச்சி கிழித்தால் தூபக்கலசத்துக்குக் கங்கு கிடைக்காது. சிரட்டையும் காய்ந்த விறகும் அடுக்கி அரை மணி நேரம் முன்பே பற்றவையுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், அந்த நாற்றம் சாம்பிராணியையும் மீறி நிற்கும். அந்தத் தீயிலிருந்து ஏற்றும் பெரிய மெழுகுதிரியான பாஸ்கா திரியை நேராகத் தீயில் நீட்டினால் மெழுகு உருகி வழியும், திரிநூல் பற்றாது. நூலைச் சுற்றியுள்ள மெழுகை முன்பே சுரண்டிவிட்டு, நீளமான சிறு திரியால் சுடரை எடுத்து ஏற்ற வேண்டும். ஐந்து சாம்பிராணி மணிகளுக்கான துளைகளையும் சூடான ஆணியால் பகலிலேயே போட்டுவையுங்கள். மக்கள் முன்னால் சுத்தியலால் தட்டினால் மெழுகு விரிசல் விடும். போன வருடத் திரியில் ஆண்டு எண்ணை மட்டும் மாற்றி ஒட்டுவது கூடவே கூடாது. திரி ஆண்டுதோறும் புதிதாக, உண்மையான மெழுகாலானதாக இருக்க வேண்டும் என்று 1988-இல் வத்திக்கான் வெளியிட்ட சுற்றுமடல் தெளிவாகச் சொல்கிறது.

பாஸ்கா திரியைப் பவனியாகக் கொண்டுவரும்போது 'கிறிஸ்துவின் ஒளி' மூன்று முறை பாடப்படும்: வாசலில், கோயில் நடுவில், பீடத்தின் முன். நடுவில் பாடிய பிறகுதான் மக்களின் திரிகள் ஏற்றப்படுகின்றன. எரியும் திரியை நிமிர்த்திப் பிடித்து, எரியாத திரியைச் சாய்த்து ஏற்றச் சொல்லுங்கள். மெழுகு கையில் சொட்டாது. அதன்பின் பாடும் பாஸ்கா புகழுரை முடியும்வரை மின்விசிறிகள் ஓடக் கூடாது. ஏப்ரல் புழுக்கம்தான், ஆனால் விசிறி ஓடினால் பாதித் திரிகள் அணைந்து, திரும்ப ஏற்றுவதிலேயே பாட்டு முடிந்துவிடும். புகழுரையைப் பொதுநிலையினர் பாடினால் 'ஆண்டவர் உங்களோடு' என்ற வாழ்த்தை விட்டுவிட வேண்டும்.

இப்படி மிச்சமாகும் நேரத்தை வாசகங்களுக்குக் கொடுங்கள். இஸ்ரயேலர் கடலைக் கடக்கும் விடுதலைப் பயணம் 14-ஐ எந்தக் காரணத்துக்காகவும் விட அனுமதியில்லை. அதன் கடைசி வரி மோசேயின் பாடலுக்குள் நேராகப் போகிறது. அங்கே பாடகற்குழு ஏடு புரட்டிக்கொண்டிருந்தால் கடலைக் கடந்தவர்களின் மகிழ்ச்சி அறுந்துபோகும்.

1951-க்கு முன்பு இந்த வழிபாடு சனிக்கிழமை காலையில் நடந்தது. பட்டப்பகலில் நின்று 'இதுவே அந்த இரவு' என்று புகழுரையில் பாடினார்கள். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர்தான் (பயஸ்) அதை இரவுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். அப்படி மீண்டு வந்த இரவைச் சில பங்குகள் மறுபடி மாலை ஆறரை மணிக்கு இழுத்துச் செல்வதைப் பார்க்கும்போது மனம் நோகிறது. நன்றாக இருட்டிய பிறகே தொடங்க வேண்டும் என்பது விதி. சனி மாலைத் திருப்பலி நேரத்தில் இதை நடத்துவதை அந்தச் சுற்றுமடல் கண்டிக்கவே செய்கிறது.

'உன்னதங்களிலே' என்ற புகழ்ப்பாடலைப் பாடும்போது மணிகள் ஒலிக்கட்டும், பீடத் திரிகள் எரியட்டும், திரை விலகி உயிர்த்த ஆண்டவர் சுரூபம் தெரியட்டும். நம் ஊர் வழக்கம் அது, அழகான வழக்கம். வெடியை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அந்தப் புகையில் இருமிக்கொண்டிருப்பவர்களால், தவக்காலம் முழுக்கப் பாடாமல் இருந்து நாற்பது நாள் கழித்துத் திரும்பி வரும் அல்லேலூயாவைப் பாட முடியாது. அதைக் குருவானவர் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுருதியை உயர்த்திப் பாட வேண்டும். பாட வராவிட்டால் பாடகர் ஒருவர் எடுத்துக் கொடுக்கலாம். ஒலிநாடாவைப் போட்டுவிடாதீர்கள்.