'ஃபாதர் டெட்' தொடரை ஆர்.டி.இ. நிராகரிக்கவில்லை

'ஃபாதர் டெட்' பாதிரியார்களைப் பற்றிய ஒரு தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர். "அயர்லாந்தின் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஆர்.டி.இ. பயந்து நிராகரித்ததால்தான் 'ஃபாதர் டெட்' பிரிட்டனுக்குப் போனது, கத்தோலிக்கர்களைக் கேவலப்படுத்த எடுத்த தொடர்" என்று அதைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை.

ஆர்.டி.இ.யிடம் அந்தக் கதை போகவே இல்லை. எழுதிய கிரஹாம் லைன்ஹன், ஆர்தர் மேத்யூஸ் இருவரும் ஐரிஷ்காரர்கள். அப்போது லண்டனில் வேலை பார்த்ததால் பிரிட்டிஷ் தொலைக்காட்சியான சேனல் 4-க்கே எழுதினார்கள். 1995 முதல் 1998 வரை 25 பகுதிகள் வந்தன. ஆர்.டி.இ.யும் பிறகு ஒளிபரப்பியது. முக்கியப் பாத்திரமான பாதிரியார் டெட்டாக நடித்த டெர்மட் மோர்கனின் வானொலி நையாண்டி நிகழ்ச்சியை ஆர்.டி.இ. 1991-இல் நிறுத்தியது உண்மை. இந்தக் குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

அடுத்தது, கேவலப்படுத்துவது. கேரவனுக்குள் டெட் பொம்மை மாடுகளைக் கையில் வைத்துக்கொண்டு, "இவை சின்னவை, வெளியே நிற்பவை தூரத்தில் இருக்கின்றன" என்று உடன் வசிக்கும் இளம் பாதிரியார் டூகலுக்கு விளக்குவார். அவனுக்குப் புரியவே புரியாது. இதில் எங்கே மத நிந்தனை? ஒரு தீவில், ஒரே வீட்டில் மாட்டிக்கொண்ட மூன்று பாதிரியார்கள், "குடிங்க, குடிங்க" என்று டீயைத் திணிக்கும் வீட்டுப் பணிப்பெண் மிசஸ் டாயில். கிட்டத்தட்ட ஒரு குடும்பம்தான். திருச்சபையைக் கிண்டல் செய்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதில் வெறுப்பு இல்லை. அயர்லாந்திலேயே அதை அவ்வளவு கொண்டாடுகிறார்கள் என்றால் அதனால்தான். தயவுசெய்து அந்தக் கருத்தைத் திருத்திவிடுங்கள்.