ஒரு வரிக்கு 14 சர்விஸா?

எங்கள் மென்பொருள், சர்விஸ் எனப்படும் 14 சிறு புரோகிராம்களாகப் பிரிந்திருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை அதில் பில் அனுப்பும் சர்விஸில் ஒரே ஒரு கோட் வரியை மாற்றினேன். 'முகவரி'யில் ஓர் எழுத்துப்பிழை, அவ்வளவுதான். மாற்றத்தைப் புஷ் பண்ணி அனுப்பிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன். மலையகத்து ஹட்டன் மழை தெரியும்தானே, ஓடிப்போய்க் கொடியில் கிடந்த உடுப்பையும் எடுத்துவந்தேன். கோட் மாறியதும் தானாகவே பில்ட் பண்ணி (ஓடக்கூடிய வடிவமாக்கி), டெஸ்ட் பண்ணுகிற பைப்லைன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. 14 சர்விஸும் பில்ட் ஆகி, 41ஆவது நிமிடத்தில் எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு டெஸ்ட் விழுந்தது. டீம் லீட் அண்ணாவிடம் சொன்னால், "அது அப்படித்தான் தம்பி, திரும்ப ஓட விடுங்க" என்றார். விட்டேன். இந்த முறை பச்சை, அதாவது பாஸ்.

தனித்தனியாக வெளியிட முடியாவிட்டால் எதற்காகப் பிரித்தோம்? இது தனித்தனியே நிற்கக்கூடிய மைக்ரோசர்விஸ் இல்லை, வெட்டிப் போட்டுவிட்டுத் திரும்பக் கயிற்றால் கட்டிய பழைய மூட்டை. மாறிய ஃபோல்டரையும் அதை நம்பியிருப்பவற்றையும் மட்டும் பில்ட் செய்தால் போதும்.

சர்விஸைப் பொதியாகக் கட்டும் படிகளை வரிசையாக எழுதிவைக்கிற எங்கள் டொக்கர்ஃபைலைத் திறந்து பார்த்தேன். முதலில் எங்கள் கோட் முழுவதையும் கொப்பி பண்ணி, பிறகுதான் லைப்ரரிகளை (பிறர் எழுதி நாங்கள் பயன்படுத்தும் கோட்) இறக்குகிறது. ஒரு லேயர் (ஒரு படியில் உருவாவது) மாறினால் அதற்குப் பின்னால் வரும் எல்லா லேயரும் புதிதாக ஓடும். ஆக, ஒரு காற்புள்ளிக்காக எல்லா லைப்ரரியும் மறுபடி இறங்குகிறது! லைப்ரரிப் பட்டியலை முதலில் கொப்பி பண்ணி, இறக்கி, பிறகு எங்கள் கோட் வருமாறு வைத்தேன். பைப்லைனை ஓட்டும் கணினியான ரன்னர் ஒவ்வொரு முறையும் வெறுமையாகத் தொடங்குவதால், கேஷை (முன்பே செய்துவைத்த லேயர்களை) பொதிகளை வைக்கும் களஞ்சியமான ரெஜிஸ்ட்ரியிலும் சேமித்தேன். 9 நிமிட வேலை 1 நிமிடத்துக்குள் வந்தது.

அம்மா தேயிலைக் கொழுந்து பறித்த காலத்தில், கணக்கப்பிள்ளை நிறுக்கிற இடத்திலேயே கூடைக்குள் கையை விட்டுக் கிளறி முத்தல் இலையை எடுத்துப் போடுவாராம். ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) கொட்டிய பிறகு யாருடைய கொழுந்து என்று யார் கண்டுபிடிப்பது? கொன்ட்ராக்ட் டெஸ்டும் அதுதான், பிழையை அது பிறந்த இடத்திலேயே பிடிப்பது. தனக்கு என்ன பதில் வேண்டும் என்பதை, தகவல் கேட்கிற சர்விஸ் எழுதிவைக்கும்; தகவல் கொடுக்கிற சர்விஸின் பைப்லைன் அதைச் சரிபார்க்கும். 14ஐயும் ஒன்றாக எழுப்பத் தேவையில்லை.

"அவசரத்துக்குப் பைப்லைன் இல்லாமல் கையால் போடுவோமே" என்பவர்களுக்கு ஒன்று. 2012 ஆகஸ்ட் 1ஆம் திகதி, அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேப்பிட்டலில் 8 சேர்வர்களில் 7க்குத்தான் புதிய கோட் போனது. எட்டாவதில் கிடந்த பழைய கோட் உயிர்பெற்றது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டொலருக்கு மேல் நட்டம்.

டொக்கர்ஃபைல் மாற்றத்தை அண்ணா ஏற்றுக்கொண்டார். அந்த விழுகிற டெஸ்டைத் தனியே ஒதுக்கிவைத்துத் திருத்துவோம் என்றேன். "ரிலீஸ் முடியட்டும்" என்றார். நேற்று மட்டும் அது மூன்று முறை விழுந்தது.