நாற்பதுக்கு மேல் ஸ்பானிஷ் ஏறாதா?

"நாற்பது தாண்டினால் ஸ்பானிஷ் மண்டையில் ஏறாது" என்று மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு. உச்சரிப்பில் சிறுபிள்ளைகள் கெட்டி, அது சரி. ஆனால் நெதர்லாந்தில் டச்சு கற்ற ஆங்கிலம் பேசுவோரைப் பற்றி 1978-ல் வெளியான ஆய்வில், தொடக்க மாதங்களில் சின்னப் பிள்ளைகளைப் பெரியவர்கள் முந்தினார்கள்.

காரணம், பெரியவர்களுக்கு அமைப்பு பிடிபடும். ஸ்பானிஷில் ஆப்லோ, ஆப்லாஸ் என்றால் பேசுகிறேன், பேசுகிறாய். ஈறே ஆளைக் காட்டிவிடும், 'நான்' தேவையில்லை. (தமிழும் அப்படித்தான்: சொன்னேன், சொன்னாய். மலையாளத்தில் நான் சொன்னாலும் நீ சொன்னாலும் 'பறஞ்ஞு'தான், இரு மொழியும் புழங்கும் குமரிக்காரருக்கு இந்த வித்தியாசம் புதிதல்ல.) பாடுவதற்கும் அதே வாய்பாடு: காந்தோ, காந்தாஸ். அகராதியில் 'ஆர்' என முடியும் (ஆப்லார், காந்தார்) ஒழுங்கான வினைகள் எல்லாமே இப்படித்தான். 'செர்' (ஆக இருத்தல்) மாதிரி சில மட்டும் முரண்டு பிடிக்கும்: நானுக்கு சோய், நீக்கு எரெஸ், அவனுக்கு எஸ். அவற்றை உருப்போடத்தான் வேண்டும், எந்த வயதானாலும்.